அடிபட்டவர் முதல் வாரத்தில் படிக்கிற மாதிரி எழுதுங்கள்: சட்ட வழிகாட்டி எழுதுபவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய வழக்கறிஞர்களுக்கும், இலவச சட்ட உதவி மையங்களில் இருப்பவர்களுக்கும், தொழிலாளர் துறைகளில் உட்கார்ந்து கையேடு தயாரிப்பவர்களுக்கும்,

வேலையில் அடிபட்டவர்களுக்காகவும், சாலையிலோ கடையிலோ அடுத்தவர் கவனக்குறைவால் காயம்பட்டவர்களுக்காகவும் நீங்கள் எழுதிவைத்திருக்கும் வழிகாட்டிகளை நான் நிறையப் படித்திருக்கிறேன். காயம்பட்டவர்கள் கொண்டுவரும் காகிதங்களை அவர்களோடு உட்கார்ந்து படித்து, அதில் என்ன இருக்கிறது என்று சொல்லி, அடுத்து யாரைப் போய்ப் பார்க்க வேண்டும் என்று காட்டுவது நான் செய்யும் காரியம். நான் வக்கீல் இல்லை. எனக்குத் தெரிந்த சட்டமெல்லாம் உங்களில் சிலர் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்ததுதான், அதற்கு நன்றி. ஆனால் ஒரு விஷயத்தில் உங்களோடு எனக்குப் பெரிய வருத்தம் இருக்கிறது.

உங்கள் வழிகாட்டிகள் கிட்டத்தட்ட எல்லாமே வழக்கிலிருந்து தொடங்குகின்றன. யார் மேல் வழக்கு, எந்த மன்றத்தில், எந்தப் பிரிவின்கீழ், எவ்வளவு கேட்கலாம். நான் பார்த்தவரையில் பெரும்பாலான க்ளெய்ம்களின் தலையெழுத்து அதற்கு வெகு முன்னாலேயே, அடிபட்ட முதல் சில நாட்களிலேயே எழுதப்பட்டுவிடுகிறது. அந்த நாட்களில் அந்த மனிதர் கட்டுப் போட்டுக்கொண்டு படுத்திருக்கிறார், மாத்திரையில் பாதி மயக்கம், வேலை போய்விடுமோ என்ற பயம், சம்பளம் நின்றுவிட்டால் வீட்டை யார் பார்ப்பது என்ற கவலை. அப்போது அவரிடம் சூப்பர்வைசர் பேசுகிறார், டாக்டர் கேட்கிறார், இன்ஷூரன்ஸ்காரர் போன் செய்கிறார், யாரோ ஒரு காகிதத்தை நீட்டுகிறார். இந்த நாலு பேருக்கும் அவர் சொல்லும் பதில்தான் பிறகு வழக்காகிறது. அந்த நேரத்துக்கு உங்கள் கையேட்டில் ஒரு வரி கூட இல்லை, இருந்தாலும் "உடனே வழக்கறிஞரை அணுகவும்" என்பதோடு முடிந்துவிடுகிறது. அவரால் எழுந்து கழிவறைக்கே போக முடியாதபோது எங்கே போய் யாரை அணுகுவார்?

முதல் டாக்டரிடமிருந்து ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் அதிகச் சேதம் நடக்கும் இடம் அதுதான். மெஷினில் கை மாட்டியவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு வருவது பெரும்பாலும் கம்பெனி ஆள். வலியில் துடிப்பவரால் கோர்வையாகப் பேச முடியாது, பக்கத்தில் நிற்பவர் பேசுகிறார். "கதவில் நசுங்கிடுச்சு", "வழுக்கி விழுந்துட்டார்". அவசரத்தில் இருக்கும் டாக்டர் அதையே எழுதிக்கொள்கிறார். அவருக்கு அது சிகிச்சைக்கான குறிப்பு, அவ்வளவுதான். ஆனால் ஒன்றரை வருடம் கழித்து எதிர்த்தரப்பு அந்த ஒற்றை வரியைத்தான் முதலில் எடுத்துக் காட்டுகிறது: சம்பவம் நடந்த அன்றே எழுதப்பட்டது, வழக்கு வரும் என்று யாரும் நினைக்காத நேரத்தில் எழுதப்பட்டது, ஆகவே இதுதான் உண்மை. நீதிமன்றங்கள் அந்த வாதத்துக்கு மதிப்புக் கொடுப்பதில் நியாயமும் இருக்கிறது, பிற்பாடு சொல்லும் கதையைவிட அன்றைக்கு எழுதியதை நம்புவது இயல்பு. அப்படியானால் அன்றைக்கு எழுதுவது சரியாக இருக்க வேண்டும் என்று அடிபட்டவருக்கு யார் சொல்வது? நீங்கள்தான் சொல்ல வேண்டும், கையேட்டில் இப்படி:

"டாக்டரிடம் உங்கள் வாயால் சொல்லுங்கள். எங்கே, எத்தனை மணிக்கு, என்ன வேலை செய்துகொண்டிருந்தபோது, எது உங்களை அடித்தது என்று சொல்லுங்கள். மொழி புரியாவிட்டால் கம்பெனி ஆளைத் தவிர வேறு யாரையாவது மொழிபெயர்க்கக் கேளுங்கள். நீங்கள் மயக்கத்தில் இருந்தபோது வேறு யாராவது சொல்லியிருந்தால், நினைவு திரும்பியதும் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டு, தவறு இருந்தால் உங்கள் பேச்சையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள். வலிக்கிற எல்லா இடத்தையும் சொல்லுங்கள்." கடைசி வாக்கியத்தைத் தடித்த எழுத்தில் போட்டாலும் தப்பில்லை. கால் முறிந்தவர் காலை மட்டும்தான் சொல்வார், முதுகில் இருக்கும் வலி அவருக்கே அப்போது பெரிதாகத் தெரியாது. மூன்று மாதம் கழித்து கால் கூடிவிடும், முதுகு நிரந்தரமாகப் போயிருக்கும், ஆனால் முதல் குறிப்பில் முதுகு என்ற வார்த்தையே இல்லாததால் அது வேறெங்கோ வந்த வலி என்று ஆகிவிடும். தலையில் அடிபட்டவர்களுக்கு இது இன்னும் மோசம். மறதி, எரிச்சல், வெளிச்சம் பார்த்தால் தலைவலி இதெல்லாம் வாரக்கணக்கில் மெல்ல மெல்லத்தான் வெளியே தெரியும், அதுவும் முதலில் கவனிப்பது வீட்டில் இருப்பவர்கள்தான். அவர்களையும் அடுத்த பரிசோதனைக்குக் கூட்டிப்போகச் சொல்லி எழுதுங்கள்.

அடுத்தது, கம்பெனிக்கு எழுத்தில் தெரிவிப்பது. எல்லோரும் பார்க்கத்தானே விழுந்தேன், சூப்பர்வைசரே தூக்கிவிட்டார், அப்புறம் எதற்கு எழுதித் தர வேண்டும் என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் தூக்கிவிட்ட அதே சூப்பர்வைசர் வேறு வேலைக்குப் போய்விடுவார், அல்லது இதே வேலையில் இருந்துகொண்டு வாயைத் திறக்க மாட்டார். விபத்துப் பதிவேடு இருந்தால் அதில் எழுதச் சொல்லி, எழுதிய பக்கத்தைப் போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். பதிவேடு இல்லையென்றால் ஒரு மின்னஞ்சல், அதுவும் இல்லையென்றால் சூப்பர்வைசருக்கு ஒரு வாட்ஸ்அப் செய்தி: "இன்று காலை இந்த மெஷினில் வேலை செய்தபோது என் வலது கையில் அடிபட்டது, ஆஸ்பத்திரியில் இருக்கிறேன்." இவ்வளவு போதும். தேதியும் நேரமும் தானாகவே அதில் விழுந்துவிடும். இதற்குச் சட்டப் படிப்பு தேவையில்லை, ஆனால் செய்ய வேண்டும் என்று தெரிந்திருக்க வேண்டும்.

இதற்குக் கெடு வேறு இருக்கிறது. இடத்துக்கு இடம் அது எவ்வளவு மாறுகிறது என்பதை உங்களைவிட எனக்கு நன்றாகத் தெரியும் என்று சொல்ல மாட்டேன், ஆனால் படிப்பவருக்கு அது உறைக்கும்படி நீங்கள் எழுதுவதில்லை. கலிஃபோர்னியாவில் வேலைக் காயத்தை முதலாளிக்கு 30 நாட்களுக்குள் எழுத்தில் தெரிவிக்க வேண்டும், பொதுவான காய வழக்குக்கு 2 ஆண்டு, ஆனால் காயத்துக்குக் காரணம் அரசு அமைப்பு என்றால் 6 மாதத்துக்குள் முதலில் அந்த அமைப்பிடமே கோரிக்கை வைத்தாக வேண்டும். இங்கிலாந்தில் வழக்கு போட 3 ஆண்டு. சிங்கப்பூரில் வேலைக்காய இழப்பீட்டுச் சட்டத்தின்கீழ் கோரிக்கை வைக்க 1 ஆண்டு. ஒரே நாட்டுக்குள்ளேயே ஒரே விபத்துக்கு இரண்டு மூன்று கெடுக்கள் ஒன்றாக ஓடிக்கொண்டிருக்கலாம், அதில் நீளமானதை மட்டும் கேள்விப்பட்டவர் குட்டையானதைத் தவறவிட்டுவிடுவார். வேலைக்காரர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வது எப்போதும் நீளமானதைத்தான், "மூணு வருஷம் இருக்கு, அவசரமில்லை" என்று. உங்கள் கையேட்டின் முதல் பக்கத்தில், எல்லாவற்றுக்கும் மேலே, அந்த ஊரில் எது மிகக் குட்டையான கெடுவோ அதைப் போடுங்கள். பதினேழாம் பக்கத்தில் அடிக்குறிப்பாகப் போட்டுவிட்டு, சொல்லியிருக்கிறோமே என்று சொல்லாதீர்கள்.

நோய்களுக்குக் கணக்கு வேறு என்பதையும் சொல்லுங்கள். ஆஸ்பெஸ்டாஸ் தூசியைச் சுவாசித்தவருக்கு நுரையீரல் உறையில் வரும் புற்றுநோய் 30, 40 ஆண்டுகள் கழித்து வரலாம். கம்பெனியே அப்போது இருக்காது. சத்தத்தில் வேலை செய்தவருக்குக் காது மெல்ல மெல்லப் போகும், எந்தத் தேதியில் போனது என்று யாராலும் சொல்ல முடியாது. இப்படிப்பட்டவற்றுக்கு இங்கிலாந்து உட்படப் பல இடங்களில், இந்த நோய் இருக்கிறது, அது வேலையால் வந்தது என்று அவருக்குத் தெரியவந்த நாளிலிருந்து கெடு எண்ணப்படுகிறது. இது தெரியாமல் "அந்த வேலையை விட்டே இருபது வருஷம் ஆச்சு, இனிமே என்ன கேட்கிறது" என்று வீட்டிலேயே இருந்து மூச்சுத் திணறிப் போனவர்கள் உண்டு. கல் அறுக்கும் தூசியைப் பற்றி இப்போதுதான் உலகம் விழித்துக்கொண்டிருக்கிறது. சமையலறை மேடைக்குப் போடும் செயற்கைக் கல்லை அறுத்த இளம் வயதுக்காரர்களுக்கே சிலிக்கோசிஸ் என்ற, கல் தூசியால் வரும் நுரையீரல் நோய் வந்ததைப் பார்த்து, ஆஸ்திரேலியா 2024 ஜூலை 1 முதல் அந்தக் கல்லையே தடை செய்தது. அந்த வேலையைச் செய்துவிட்டு இன்னும் இருமல் வராதவர்களும் எங்கெங்கோ இருக்கிறார்கள். எந்தெந்த ஆண்டில் எங்கே, என்ன பொருளோடு வேலை பார்த்தேன் என்று ஒரு தாளில் இப்போதே எழுதி வைக்கும்படி அவர்களுக்குச் சொல்லுங்கள், சம்பளச் சீட்டு ஒன்றிரண்டையாவது தூக்கிப் போடாமல் வைத்திருக்கச் சொல்லுங்கள்.

சரி, அடுத்து பயத்தைப் பற்றி. காயம்பட்டவர்களிடம் பேசும்போது நான் முதலில் கேட்கும் வாக்கியம் பெரும்பாலும் "என் மேலதான் தப்பு" என்பதுதான். நான் அவசரப்பட்டேன், கையுறை போடவில்லை, கவனிக்காமல் கை வைத்துவிட்டேன். இதைச் சொல்லிவிட்டு, ஆகவே எனக்கு ஒன்றும் கிடைக்காது என்று அவர்களே தீர்ப்பும் எழுதிவிடுகிறார்கள். உங்கள் கையேடுகள் இந்தப் பயத்தைத் தொடவே இல்லை. வேலைக்காய இழப்பீடு என்ற ஏற்பாடே இந்தப் பயத்துக்குப் பதிலாகப் பிறந்தது என்ற வரலாற்றை நாலு வரியில் சொன்னால் போதும், நிறையப் பேர் நிமிர்ந்து உட்காருவார்கள்.

1830-களில் இங்கிலாந்தில் ஒரு கசாப்புக்கடைக்காரரிடம் வேலை பார்த்த பிரீஸ்ட்லி என்ற பையன், அளவுக்கு மேல் பாரம் ஏற்றிய வண்டி உடைந்து விழுந்து தொடை எலும்பு முறிந்தான். ஜூரி அவனுக்கு 100 பவுண்டு கொடுத்தது. 1837-இல் மேல் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. ஆபத்து இருந்தால் வேலைக்காரன் மறுத்திருக்கலாம், வண்டியின் நிலைமை எஜமானைவிட அவனுக்கே நன்றாகத் தெரிந்திருக்கும் என்று காரணம் சொன்னார்கள். அந்தத் தீர்ப்பிலிருந்து முளைத்ததுதான், கூட வேலை செய்பவன் தவறால் அடிபட்டால் முதலாளி பொறுப்பில்லை என்ற கோட்பாடு. அதோடு, ஆபத்து தெரிந்தேதானே வேலைக்கு வந்தாய் என்பதும், உன் தவறும் கொஞ்சம் இருக்கிறதே என்பதும் சேர்ந்துகொண்டன. இந்த மூன்றையும் தாண்டி ஒரு தொழிலாளி ஜெயிப்பது பல பத்தாண்டுகள் அபூர்வமாக இருந்தது. கூட வேலை செய்பவன் தவறு என்ற அந்தச் சாக்கை பிரிட்டன் சட்டம் போட்டு முழுசாக ஒழித்தது 1948-இல்தான்.

இதை உடைத்தது 1884-இல் ஜெர்மனி கொண்டுவந்த விபத்துக் காப்பீட்டுச் சட்டம். யார் தவறு என்று கேட்காமல் இழப்பீடு, அதற்கான பணத்தை முதலாளிகள் கூட்டாகப் போட வேண்டும் என்று வைத்தார்கள். 1897-இல் பிரிட்டன் ஆபத்தான தொழில்களுக்கு இதே மாதிரி ஒரு சட்டம் செய்தது, 1906-இல் அதை விரித்து சில தொழில் நோய்களையும் சேர்த்தது. அமெரிக்காவில் நியூயார்க் கொண்டுவந்த சட்டத்தை, தவறு செய்யாத முதலாளியிடமிருந்து சொத்தைப் பிடுங்குவது என்று சொல்லி அந்த மாநில உச்ச மன்றம் 1911 மார்ச் 24 அன்று தள்ளுபடி செய்தது. மறுநாள், மார்ச் 25 அன்று, அந்த மாநிலத்தின் நியூயார்க் நகரத்தில் டிரையாங்கிள் தையல் தொழிற்சாலை எரிந்தது. கதவு பூட்டியிருந்ததால் இறங்க முடியாமல் மேல்மாடிகளிலிருந்து குதித்தும் தீயில் கருகியும் 146 பேர் செத்தார்கள், பெரும்பாலும் இளம் பெண்கள். பிறகு மாநில அரசியல் சாசனத்தையே திருத்தி அந்தச் சட்டத்தைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். இன்றைக்கு ஒருவர் "என் தப்புதான்" என்று தலை குனிந்து உட்கார்ந்திருக்கும்போது, உங்கள் தப்பா என்று இந்தச் சட்டம் கேட்கவே கேட்காது ஐயா என்று சொல்ல முடிவது, அத்தனை பேர் செத்த பிறகு கிடைத்தது. போதையில் இருந்தது, வேண்டுமென்றே தன்னைக் காயப்படுத்திக்கொண்டது போன்ற சில விலக்குகள் உண்டு, அவற்றையும் சொல்லுங்கள். ஆனால் முதல் வரியில் சொல்லாதீர்கள்.

தவறை நிரூபித்துக் கேட்கும் வழக்கிலும் கூட, பல நாடுகளில் பாதிக்கப்பட்டவரின் பங்குக்கு ஏற்பத் தொகை குறையுமே தவிர அடியோடு போகாது. இங்கிலாந்தில் 1945 முதல் அப்படித்தான். அலபாமா, மேரிலாண்ட், வர்ஜீனியா, வட கரோலினா போன்ற சில அமெரிக்க மாநிலங்களில் மட்டும் சிறு பங்கு தவறு இருந்தாலும் மொத்தமும் போய்விடும் என்ற பழைய விதி இன்னும் ஓடுகிறது, அங்கே இருப்பவருக்கு அதைத் தெளிவாகச் சொல்லத்தான் வேண்டும். இரண்டு வகையிலும் ஓர் எச்சரிக்கை பொருந்தும்: "என் தப்பு" என்பதை இன்ஷூரன்ஸ்காரர் பதிவு செய்யும் போன் அழைப்பில் சொல்லிவிடக் கூடாது. என்ன நடந்தது என்று சொல்லலாம், யார் தவறு என்று சொல்ல வேண்டிய கடமை அடிபட்டவருக்கு இல்லை. மெஷினுக்குத் தடுப்பு போட்டிருந்தார்களா, பயிற்சி கொடுத்தார்களா, எத்தனை மணி நேரமாக விடாமல் வேலை வாங்கினார்கள் என்பதெல்லாம் தெரியாமல் தவறைத் தன் தலையில் போட்டுக்கொள்ள அவருக்கே உரிமை இல்லை என்றுகூட நான் சொல்வேன்.

அதே மாதிரி, ஏற்கெனவே முதுகுவலி இருந்தது, ஏற்கெனவே சர்க்கரை இருந்தது, அதனால் கேட்க முடியாது என்ற எண்ணமும். இங்கிலாந்தில் ஒரு தொழிலாளியின் உதட்டில் உருகிய உலோகம் தெறித்துச் சுட்டது. சின்னக் காயம்தான். ஆனால் அவருக்கு முன்பே புற்றுநோய்க்கான தொடக்க நிலை இருந்ததால் அந்தச் சூடு புற்றுநோயாக மாறி சில ஆண்டுகளில் இறந்துபோனார். சுட்ட காயத்துக்கு மட்டும் பொறுப்பு என்று கம்பெனி வாதிட்டது. 1960-களின் தொடக்கத்தில் வந்த தீர்ப்பு, மரணத்துக்கும் சேர்த்துப் பொறுப்பு என்றது. நீ அடித்த ஆள் எப்படி இருந்தாரோ அப்படியேதான் ஏற்க வேண்டும் என்பது பல நாடுகள் ஏற்ற விதி. பழைய நோயை மறைக்காதீர்கள், மறைத்தால்தான் மாட்டிக்கொள்வீர்கள் என்று கையேட்டில் இதைப் பக்கத்திலேயே சேர்த்து எழுதலாம். மருத்துவ ஆவணங்களில் பழைய வலி எப்படியும் வந்து நிற்கும், அப்போது பொய் சொன்னவர் என்ற பெயர்தான் மிஞ்சும்.

கையெழுத்து விஷயத்துக்கு வருகிறேன். இதில் எனக்குக் கோபம் அதிகம். ஆஸ்பத்திரி செலவை நாங்களே பார்த்துக்கொள்கிறோம், இதில் ஒரு கையெழுத்துப் போடுங்கள் என்று வருவார்கள். சில சமயம் அது உண்மையிலேயே செலவு ரசீதுக்கான கையெழுத்து. சில சமயம் அதன் நாலாவது பத்தியில், இந்த விபத்து சம்பந்தமாக இனி எந்தக் காலத்திலும் எந்தக் கோரிக்கையும் வைக்க மாட்டேன் என்று இருக்கும். இன்னும் சில சமயம் ஒன்றுமே எழுதாத வெற்றுத்தாள். வெற்றுத்தாளில் கையெழுத்துப் போடாதே என்று எல்லோருக்கும் தெரியும் என்று நினைக்கிறீர்கள், தெரியும்தான், ஆனால் படுக்கையில் கிடப்பவருக்கு எதிரே நிற்பவர் நாளைக்கு வேலை கொடுக்க வேண்டிய முதலாளி. "படித்துப் பார்த்துவிட்டு நாளை தருகிறேன், ஒரு நகல் கொடுங்கள்" என்ற வாக்கியத்தை அப்படியே கையேட்டில் அச்சடியுங்கள். பயத்தில் இருப்பவருக்குத் தானாக வார்த்தை வராது, யாராவது வார்த்தையைக் கையில் கொடுக்க வேண்டும்.

சீக்கிரம் முடித்துக்கொள்ளும் சமரசத்தைப் பற்றியும் கொஞ்சம் விரிவாக எழுதுங்கள். காயம் எந்த அளவு ஆறும், எந்த அளவு ஆறாது என்று தெரிவதற்கு முன்னால் ஒத்துக்கொள்ளும் தொகை எதுவாக இருந்தாலும் அது கண்ணை மூடிக்கொண்டு ஒத்துக்கொண்டதுதான். இன்னொரு அறுவைசிகிச்சை தேவைப்படலாம். பழைய வேலையைத் திரும்பச் செய்யவே முடியாமல் போகலாம். ஒரு தடவை முழுத் தீர்வாக வாங்கிக்கொண்டால் பெரும்பாலும் திரும்பக் கதவு திறக்காது. ஆனாலும் அவசரமாக வாங்கிக்கொள்பவரை நான் குறை சொல்ல மாட்டேன், வீட்டில் பணம் இல்லை. ஆகவே பொறுத்திருங்கள் என்று அறிவுரை சொன்னால் போதாது, பொறுத்திருக்கும் காலத்துக்கு என்ன பணம் கிடைக்கும் என்பதையும் அதே பக்கத்தில் சொல்ல வேண்டும். தற்காலிக ஊனத்துக்கு மாதாமாதமோ வாராவாரமோ கிடைக்கும் தொகை, இடைக்கால நிவாரணம் கேட்கும் வழி, மருத்துவச் செலவை நேரடியாகக் காப்பீட்டிலிருந்து கட்ட வைக்கும் முறை. இவை பல இடங்களில் இருக்கின்றன, இருப்பது தெரியாமல்தான் அவசரப்பட்டுக் கையெழுத்துப் போடுகிறார்கள்.

சாட்சியத்தைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை, உங்களுக்கே தெரியும். சிசிடிவி பதிவு சில நாட்களிலோ வாரங்களிலோ தானாக அழிந்து புதிது ஏறிவிடும், அதை வைத்திருக்கச் சொல்லி உடனே எழுத்தில் கேட்க வேண்டும். விபத்துக்குப் பிறகு மெஷினுக்குத் தடுப்பு வந்துவிடும், ஈரமான தரையில் எச்சரிக்கைப் பலகை முளைத்துவிடும், ஆகவே கூட வேலை செய்பவரிடம் சொல்லி அன்றைக்கே படம் எடுக்க வைக்க வேண்டும். உடன் இருந்தவர்களின் பெயரும் எண்ணும். அப்புறம் சமூக ஊடகம்: ஒரு விழாவில் சிரித்துக்கொண்டு நிற்கும் ஒரே படம், வலி என்று சொன்னதெல்லாம் பொய் என்று காட்டப் பயன்படும்.

இன்ஷூரன்ஸ் கம்பெனி அனுப்பும் டாக்டரைப் பற்றி மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். அவர் சிகிச்சை தருபவர் அல்லர், அறிக்கை எழுத வருபவர் என்பதே நிறையப் பேருக்குப் புரிவதில்லை. டாக்டர் என்றதும் மரியாதையாக, "இப்போ பரவாயில்லீங்க" என்று சொல்லிவிடுகிறார்கள். நலமா என்று கேட்டால் நலம் என்று சொல்லியே வளர்ந்தவர்கள் நாம். அந்த "பரவாயில்லை" அறிக்கையில் ஏறிவிடும். கூட்டிச் சொல்ல வேண்டாம், குறைத்தும் சொல்ல வேண்டாம். எவ்வளவு தூரம் நடக்க முடிகிறது, எவ்வளவு எடை தூக்க முடிகிறது, ராத்திரி எத்தனை தடவை வலியில் எழுந்திருக்கிறார் என்று அளவாகச் சொல்லச் சொல்லுங்கள். முடிந்தால் வீட்டில் யாராவது ஒரு நோட்டில் இதையெல்லாம் அன்றன்றைக்குக் குறித்து வைக்கட்டும்.

யாரிடம் கேட்பது என்ற கேள்விதான் உங்கள் கையேடுகளில் மிகக் குழப்பமாக இருப்பது. வேலை கொடுத்தவர் ஒருவர், சம்பளம் கொடுத்தவர் இன்னொருவர், இடம் மூன்றாமவருடையது, மெஷின் நாலாமவருடையது. ஆள் அனுப்பிய கான்ட்ராக்டர் எங்கள் ஆள் இல்லை என்பார், பெரிய கம்பெனி கான்ட்ராக்டர் ஆள் என்பார். செயலி வழியாக வண்டி ஓட்டுபவரிடம் நீ தொழிலாளியே இல்லை, சுயமாகத் தொழில் செய்பவர் என்பார்கள். ஒப்பந்தத்தில் எழுதியிருப்பது மட்டும் முடிவு இல்லை, வேலை நேரத்தையும் முறையையும் யார் கட்டுப்படுத்துகிறார்கள் என்பதை நீதிமன்றங்கள் பார்க்கும் என்பதைச் சொல்லுங்கள். இன்னொன்று, முதலாளியிடம் தவறு கேட்காத இழப்பீட்டை வாங்கினாலும், விபத்துக்குக் காரணமான வேறொருவர் மேல் தனியாகக் கேட்கலாம் என்பது. தடுப்பு இல்லாத மெஷினை விற்ற நிறுவனம், வேலை நிமித்தம் போகும்போது மோதிய வண்டிக்காரர், சாரம் கட்டிய வேறொரு கம்பெனி. பல நாடுகளில் தவறு கேட்காத இழப்பீட்டுக்கு ஈடாக முதலாளி மேல் வழக்கு போடும் உரிமை போய்விடும், மூன்றாமவர் மேல் உள்ள உரிமை போகாது. நியூசிலாந்து 1974-இலிருந்து விபத்துக் காயம் எல்லாவற்றுக்குமே பொது நிதியிலிருந்து தந்துவிட்டு நஷ்டஈட்டு வழக்கையே பெரும்பாலும் நிறுத்திவிட்டது, அங்கே கதையே வேறு. உங்கள் ஊர் இதில் எந்த வகை என்பதை ஒரு பத்தியில் தெளிவாகச் சொல்லாமல் எழுதும் கையேடு, படிப்பவரைத் தவறான வாசலுக்கு அனுப்பிவிடும்.

ஆவணம் இல்லாமல் வேலை பார்ப்பவர்கள், கையில் ரொக்கமாகச் சம்பளம் வாங்குபவர்கள், வேறு நாட்டிலிருந்து வந்தவர்கள், இவர்களுக்கென்று ஒரு பக்கம் தனியாக வேண்டும். அயல்நாட்டுத் தொழிலாளிக்கு விபத்து இழப்பீட்டில் சொந்த நாட்டவருக்குச் சமமான உரிமை தர வேண்டும் என்று சர்வதேச தொழிலாளர் அமைப்பு 1925-லேயே ஓர் உடன்படிக்கை செய்தது. பாதுகாப்பான, ஆரோக்கியமான வேலைச்சூழலை 2022-இல் அடிப்படை உரிமைகளில் ஒன்றாகவும் சேர்த்தது. அதே அமைப்பின் மதிப்பீட்டின்படி வேலை சம்பந்தமான விபத்தாலும் நோயாலும் ஆண்டுக்குக் கிட்டத்தட்ட 30 லட்சம் பேர் இறக்கிறார்கள், 39 கோடிக்கு மேல் காயப்படுகிறார்கள். இத்தனை கோடிப் பேரில் எத்தனை பேர் உங்கள் அலுவலகத்துக்கு நடந்து வரக்கூடியவர்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

உங்கள் கட்டணத்தைப் பற்றியும் ஒளிக்காமல் எழுதுங்கள். ஜெயித்தால்தான் பணம் என்ற ஏற்பாடு சில நாடுகளில் சட்டப்படி சரி, சில நாடுகளில் வக்கீலுக்குத் தடை. இங்கிலாந்தில் 2013-இலிருந்து இத்தகைய காய வழக்குகளில் வெற்றிக் கட்டணம், அதாவது ஜெயித்தால் வக்கீல் கூடுதலாக எடுக்கும் தொகை, எதிர்கால இழப்புக்கான தொகை நீங்கலாகக் கிடைப்பதில் 25 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. உங்கள் ஊரில் என்ன விதி, தோற்றால் எதிர்த்தரப்பு செலவை யார் கட்டுவது, டாக்டர் அறிக்கைக்கு யார் பணம் போடுவது, பணம் வந்தால் யார் கணக்குக்கு வரும் என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டால், ஆஸ்பத்திரி வாசலில் நின்று ஆள் பிடிக்கும் தரகர்களுக்குப் பாதி வேலை போய்விடும். உங்களில் நல்லவர்கள் அந்தத் தரகர்களால்தான் கெட்ட பெயர் வாங்குகிறீர்கள், இதைச் சரிசெய்வதில் உங்களுக்கும் லாபம்.

நான் கேட்பது புதிய சட்டம் இல்லை. இருக்கும் சட்டத்தை, அடிபட்டவர் வாழ்க்கையில் விஷயங்கள் நடக்கும் வரிசையில் எழுதிக் கொடுங்கள்: முதல் மணி நேரம், முதல் நாள், முதல் வாரம், முதல் மாதம், அதற்குப் பிறகு வழக்கு. ஒற்றைத் தாளில், பெரிய எழுத்தில், தொழிலாளிகள் பேசும் எல்லா மொழிகளிலும். அச்சுக்குக் கொடுப்பதற்கு முன்னால் ஏற்கெனவே அடிபட்டு க்ளெய்ம் நடத்தி முடித்த நாலு பேரிடம் கொடுத்து, எது புரியவில்லை, எது அன்றைக்குத் தெரிந்திருந்தால் உதவியிருக்கும் என்று கேளுங்கள். அந்தத் தாளை உங்கள் அலுவலக மேஜையில் அடுக்கி வைக்காமல் அவசர சிகிச்சைப் பிரிவிலும், எலும்பு முறிவு வார்டிலும், மருந்துக்கடையிலும், தொழிற்சங்க அறையிலும் கொண்டுபோய் வையுங்கள். செவிலியர்களிடம் ஒரு கட்டு கொடுங்கள், கட்டுப் போடும் நேரத்தில் அவர்கள் கொடுப்பார்கள், நான் கேட்டுப் பார்த்தவர்கள் யாரும் மறுத்ததில்லை. தாளின் மேலே ஒரு தொலைபேசி எண் போடுங்கள், இரவு ஷிஃப்டில் அடிபட்டவர் விடிவதற்கு முன் அழைத்தாலும் எடுத்துப் பேச ஓர் ஆளை அதற்கு நியமியுங்கள்.

இப்படிக்கு,
காயம்பட்டவர்களோடு உட்கார்ந்து காகிதம் படிக்கும் ஒருவர்